பெயர்ப்பலகையில் நீர் ஊறுமா?



இந்த இடுகை சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும். இனிப்பாக எழுதுவதற்கு வேறு பலர் இருக்கிறார்கள்.

‘குடிநீர்க் கிணறு கொடை’ என்னும் பெயரில் நம் பள்ளிப் பிள்ளைகளின் முன் உண்டியல் நீட்டும் வழக்கம் பெருகி வருகிறது. கம்போடியாவில் ஏதோ ஒரு சிற்றூர். அங்கே ஆழம் குறைந்த ஒரு குழாய்க்கிணறு. அதன் தலையில் ஒரு கைப்பம்பு. தமிழகத்தார் அடிபம்பு, அடிகுழாய் என்றெல்லாம் சொல்வது இதைத்தான். பம்பின் பக்கத்தில் கொடையாளரின் பெயர் பொறித்த பலகை. பலகையைச் சுற்றி ஊர்ச் சிறுவர்கள் நால்வரை நிறுத்தி ஒரு நிழற்படம். பணம் கொடுத்த சில வாரங்களில் அந்தப் படம் கைப்பேசிக்கு வந்துவிடும். பிறந்தநாளுக்கு ஒரு கிணறு, மறைந்த தந்தையார் நினைவாக ஒரு கிணறு, தேர்வில் சிறந்த தேர்ச்சி வேண்டி ஒரு கிணறு எனப் பட்டியல் நீள்கிறது. நல்ல உள்ளத்தோடு கொடுப்பவர்களை நான் பழிக்கவில்லை. ஆனால், அந்த உண்டியல் வகுப்பறைக்குள் வரும்போது அதைக் கேள்வி கேட்கும் கடமை ஆசிரியருக்கு உண்டு.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பம்பு பழுதானால் யார் சரிசெய்வார், கிணற்று நீரைச் சோதித்தவர் யார் என்னும் இரண்டு வினாக்களுக்கு எழுத்தில் விடை தராத எந்த அமைப்புக்கும் நம் பிள்ளைகளின் ஒற்றைக் காசுகூடப் போகக்கூடாது.

எங்கள் பள்ளிக்கு வந்த ஒரு மடலில் பலகையின் அளவு இருந்தது. எழுத்தின் நிறம் இருந்தது. எத்தனை எழுத்துகள் வரை இலவசம், அதற்கு மேற்பட்டால் எவ்வளவு கட்டணம் என்பதும் இருந்தது. பம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. கிணற்றின் ஆழம் இல்லை, நீர்ச் சோதனை இல்லை, பராமரிப்பு என்ற சொல்லே இல்லை! தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். “டீச்சர், தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?” என்று எதிர்முனையில் சிரித்தார் ஒருவர். பழமொழியைச் சரியாகத்தான் சொன்னார். பொருத்திய இடம்தான் தவறு. வாங்குபவன் பல்லைப் பார்க்கக் கூடாது என்பதுதான் பழமொழி. கொடுப்பவன் பார்த்தே ஆகவேண்டும். கிழட்டு மாட்டைக் கொடுத்துவிட்டுப் பெயர்ப்பலகை நடுவது என்ன அறம்?

முதலில் இந்தப் பம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். இதை அறியாமல் இதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. ஒரு குழாய். அதன் அடியில் மேல்நோக்கி மட்டும் திறக்கும் ஒரு வால்வு. குழாய்க்குள் ஏறி இறங்கும் ஒரு தட்டு, பிஸ்டன் என்கிறோம். அந்தத் தட்டிலும் மேல்நோக்கித் திறக்கும் ஒரு வால்வு. தட்டின் விளிம்பில் தோலாலோ இரப்பராலோ ஆன ஒரு வாசர். கைப்பிடியை அழுத்தினால் நெம்புகோலின் மறுமுனையில் தட்டு மேலே எழும். அப்போது தட்டின் வால்வு மூடிக்கொள்ளும், அடிவால்வு திறந்து நீர் உள்ளே வரும். கைப்பிடியைத் தூக்கினால் தட்டு கீழிறங்கும். அடிவால்வு மூடிக்கொள்ள, உள்ளே வந்த நீர் தட்டின் வால்வு வழியாகத் தட்டுக்கு மேலே ஏறும். அடுத்த அழுத்தலில் அந்த நீர் வெளியே கொட்டும். இவ்வளவுதான். பதினோரு வயதுப் பிள்ளை ஒருவன் முழுமையாகப் புரிந்துகொள்ளக் கூடிய எந்திரங்கள் இன்று வீட்டில் எத்தனை இருக்கின்றன? கைப்பேசியைத் திறந்து காட்டினாலும் அவனுக்கு ஒன்றும் விளங்காது, நமக்கும் விளங்காது. கைப்பம்பு அப்படியன்று. அதில் மறைபொருள் எதுவும் இல்லை.

தட்டு கிணற்றுக்கு வெளியே, பம்பின் தலைப்பகுதியிலேயே இருந்தால் அது உறிஞ்சு பம்பு. உறிஞ்சுகிறது என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் நீரை மேலே தள்ளுவது வெளியே உள்ள காற்றின் அழுத்தம். அது தள்ளக்கூடிய உயரம் ஏறத்தாழ 10 மீட்டர்தான். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பம்புக்காரர்கள் அதற்கு மேல் நீர் ஏறவில்லையே எனத் திகைத்ததும், 1643இல் டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கொண்டு காற்றுக்கு எடை உண்டு என்று காட்டியதும் ஆசிரியர்கள் அறிந்த கதைதான். நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் உறிஞ்சு பம்பு பயன்படாது. காஹாங் போன்ற தாழ்நிலத்தில், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடங்களில், அதுவே போதும்.

இப்போது ஒரு கணக்கு. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஓர் ஊரில் 200 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர். ஓர் அழுத்தலுக்கு அரை லிட்டர் நீர் வருவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 4,000 லிட்டர். அதாவது 8,000 அழுத்தல்கள். ஆண்டுக்கு? 29 இலட்சத்து 20 ஆயிரம். அந்த வாசர் ஆண்டுக்கு 29 இலட்சம் முறைக்கு மேல் குழாயின் உட்சுவரை உரசுகிறது. நீரில் சிறிது மணல் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். கைப்பிடியின் அச்சாணி அத்தனை முறை சுழல்கிறது. தேயாமல் இருக்குமா? தேயும். தேய்வது பம்பின் குற்றமன்று. அது பம்பின் இயல்பு. ஆகவே, எப்போது பழுதாகும் என்று கேட்பதைவிட, பழுதான அன்று என்ன நடக்கும் என்று கேட்பதே அறிவுடைமை.

என்ன நடக்கும் என்பதற்கு வரலாறு விடை வைத்திருக்கிறது. இந்தியாவில் 1960களின் இறுதியில் பெரும் வறட்சி வந்தபோது ஊர்தோறும் துளையிட்டுக் கைப்பம்புகளைப் பொருத்தினார்கள். அவை மேலைநாட்டுப் பண்ணை வீடுகளில் ஒரே குடும்பம் பயன்படுத்திய வார்ப்பிரும்புப் பம்புகளின் படிகள். ஒரு குடும்பத்துக்கான பொருளின் மீது ஓர் ஊரே தொங்கியது. 1970களின் நடுப்பகுதியில் யுனிசெஃப் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய நான்கில் மூன்று பம்புகள் நீர் தராமல் நின்றிருந்தன. நான்கில் மூன்று! அத்தனைக்கும் திறப்பு விழா நடந்திருக்கும், மாலை விழுந்திருக்கும்.

அதன்பின் செய்ததுதான் பாடம். மகாராட்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் ஊர்களில் சமயப் பணியாளர்கள் பட்டறையிலே உருவாக்கிய வலுவான பம்பை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெஃப், இந்திய அரசு, சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலை ஆகியவை சேர்ந்து ‘இந்தியா மார்க் 2’ என்னும் பம்பை வடிவமைத்தன. அதைக் களத்தில் சோதித்த இடம் நம் கோயம்புத்தூர் வட்டாரம். அந்த வடிவத்தை யாரும் காப்புரிமைக்குள் பூட்டி வைக்கவில்லை. தரம் வகுத்து, எவரும் செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள். பல இலட்சக்கணக்கில் அது உலகெங்கும் பரவியது. ஊரில் ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் ஊர்தியோடு ஒரு குழு என்னும் மூன்றடுக்குப் பராமரிப்பு முறையும் தமிழ்நாட்டில் வேர்விட்டுப் பிற மாநிலங்களுக்குப் போனது.

அதோடு நின்றார்களா? இல்லை. மார்க் 2 வலுவானது. ஆனால் அடியில் இருக்கும் ஒரு சிறு வாசரை மாற்றவேண்டுமானால் கிணற்றுக்குள் இறங்கிய குழாய்கள் அனைத்தையும் தூக்கவேண்டும். அதற்குத் தனிக் கருவிகளும் பல ஆள்களும் தேவை. எனவே மறுபடியும் கோயம்புத்தூர் வட்டாரத்திலேயே 1980களில் பல ஆண்டுகள் சோதித்தார்கள். குழாயைத் தூக்காமல் தட்டையும் வால்வையும் மட்டும் மேலே உருவி எடுக்கும்படி மார்க் 3 பிறந்தது. ஊர்ப்பெண்கள் இருவர் மூவர் சேர்ந்தாலே சரிசெய்துவிடலாம் என்பதுதான் நோக்கம். அனைத்துலகக் குடிநீர்ப் பத்தாண்டு என்று அறிவிக்கப்பட்ட 1981 முதல் 1990 வரையிலான காலத்தில், உலக வங்கியும் ஐக்கிய நாடுகள் மேம்பாட்டுத் திட்டமும் உலகத்துப் பம்புகளை எல்லாம் சோதித்து வந்து சேர்ந்த இடமும் இதுவே: ஊராரே இயக்கி ஊராரே பழுதுபார்க்கும் பம்பு. 1987இல் அதை நூலாகவே வெளியிட்டார்கள்.

நம் நாட்டுக் கதையைச் சொல்லாமல் விடலாமா? நம் பிள்ளைகளுக்கு மட்டுமன்று, நம்மில் பலருக்குமே இது தெரியாது. 1970களில் கனடாவின் ஐ.டி.ஆர்.சி. என்னும் மேம்பாட்டு ஆய்வு மையத்தின் நிதியோடு, வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் பிவிசி குழாயைக் கொண்டு ஆழம் குறைந்த கிணறுகளுக்கு ஒரு கைப்பம்பை வடிவமைத்தார்கள். அதைக் களத்தில் சோதித்த நாடுகள் நான்கு: மலேசியா, இலங்கை, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து. இலங்கையில் சர்வோதய இயக்கம் அதைக் கையிலெடுத்தது. மலேசியாவில் அந்தப் பணியை ஏற்றது மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறை. முன்னின்றவர் பேராசிரியர் கோ சிங் யாவ். அங்கே உருவான பம்புக்கு யூனிமேட் என்று பெயர். வார்ப்பிரும்பு இல்லை, இறக்குமதி உதிரிப்பொருள் இல்லை. கடையில் கிடைக்கும் குழாய். தேய்ந்த வளையத்தைக் கழற்றிப் புதியதை மாட்டத் தெரிந்தால் போதும். ஊர்மக்களே பழுதுபார்க்க முடிகிறதா என்பதையும் ஆய்வின் ஒரு பகுதியாக வைத்திருந்தார்கள். நிலவுக்கு ஏவுகணை விட்டவர்களைப் பாடநூலில் படிக்கிறோம். கம்பத்துக் கிணற்றுக்குப் பம்பு செய்த நம் நாட்டுப் பொறியியலாளரைப் படிப்பதில்லை. (இந்த நாட்டிலே நீரைக் கொண்டுவந்தவருக்குச் சிலை கிடையாது, நீர்வீழ்ச்சியைச் சுற்றுலாத்தலம் ஆக்கியவருக்கு விருது உண்டு. போகட்டும்.)

அக்காலத்தில் சுகாதார அமைச்சின் கிராமத் திட்டத்தின்கீழ்க் கம்பங்களுக்குக் கிணறும் பம்பும் கழிவறையும் போய்ச் சேர்ந்தன. தோட்டங்களுக்கு? தோட்டம் தனியார் நிலம். அங்கே நீர் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்று சொல்லி, கிராம மேம்பாடு பெரும்பாலும் தோட்ட எல்லை வேலியோடு நின்றுவிட்டது. 1966இல் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் வந்தது. 1990இல் அதைவிட விரிவான சட்டம் வந்தது. குழாய்நீர் தரவேண்டியது முதலாளியின் கடமை எனச் சட்டம் சொல்லிற்று. சட்டத்தில் இருந்த நீர் லயத்து வீட்டுக்கு வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை நம் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள்.

என் தாயார் வளர்ந்த தோட்டத்தில் ஆற்றிலிருந்து எஞ்சின் வைத்து நீர் ஏற்றினார்கள். எஞ்சின் பழுதானால் லயத்தில் இருந்த எவரும் அதைத் தொடக்கூடாது. கிராணியிடம் சொல்லவேண்டும், கிராணி மேலே சொல்லவேண்டும், மேலே இருப்பவர் பட்டணத்திலிருந்து ஆளை வரவழைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை நின்ற எஞ்சின் அடுத்த புதன்கிழமை ஓடிய கதைகளைக் கேட்டே நான் வளர்ந்தேன். அந்த நாள்களில் பால்மரம் வெட்டி வந்த கையோடு பெண்கள் ஆற்றுக்குப் போனார்கள். லயத்தில் கைத்திறன் உள்ளவர்கள் இல்லாமலா இருந்தார்கள்? மிதிவண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களின் கைக்கு உரிமைதான் இல்லை. நீர் கொடுக்கப்பட்டது; நீரின் மீதான அதிகாரம் கொடுக்கப்படவில்லை. அப்படி வளர்ந்தவர்களின் பிள்ளைகளாகிய நாம், இன்று கொஞ்சம் வசதி வந்ததும், எங்கோ உள்ள ஏழை ஊருக்கு அதே முறையில் நீர் கொடுக்கப் புறப்பட்டிருக்கிறோம். பம்பு உங்களுக்கு, பலகை எங்களுக்கு, பழுது எவருக்கும் இல்லை!

‘மிகைப்படுத்துகிறீர்கள்’ என்பவர்களுக்காகச் சில எண்கள். ஊரக நீர் வழங்கல் வலையமைப்பு 2009இல் வெளியிட்ட தொகுப்பின்படி, சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் கைப்பம்புகளில் சராசரியாக 36 விழுக்காடு வேலை செய்யவில்லை. பின்னர் வந்த ஆய்வு நான்கில் ஒன்று என்றது. சரி, முன்னேற்றம்தான். ஆனால் நான்கு வகுப்பறைகளில் ஒன்றுக்குக் கூரை இல்லை என்றால் அந்தப் பள்ளியை நாம் நல்ல பள்ளி என்போமா? நீர் நின்றால் சுமப்பது யார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் நீர்வசதி இல்லாத குடும்பங்களில், பத்தில் ஏழில் நீர் கொண்டுவரும் பொறுப்பு பெண்கள் மீதும் சிறுமிகள் மீதும் விழுகிறது என்று 2023இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அறிவித்தன. நிழற்படத்தில் சிரித்த சிறுமிதான் பம்பு நின்ற மறுநாள் பழையபடி குளத்துக்குப் போகிறாள். அந்தப் படத்தை யாரும் அனுப்புவதில்லை.

பெரிய மனிதர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ‘பிளேபம்ப்’ என்று ஒன்று வந்தது. குழந்தைகள் குடைராட்டினம் சுற்றி விளையாட, அந்தச் சுழற்சியில் நீர் மேலேறும். கேட்கவே தேன் போல இருக்கிறது அல்லவா? 2006இல் அமெரிக்க அதிபரின் துணைவியார் லாரா புஷ் முன்னிலையில் 1 கோடியே 64 இலட்சம் டாலர் அறிவித்தார்கள். 2010க்குள் 4,000 பம்புகள் என்பது இலக்கு. ஒன்றின் விலை ஏறத்தாழ 14,000 டாலர். அந்தப் பணத்தில் சாதாரணக் கைப்பம்புகள் பலவற்றைப் பொருத்தியிருக்கலாம். சொன்ன அளவு நீர் கிடைக்கவேண்டுமானால் பிள்ளைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாடவேண்டும் என்று 2009இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. நாளுக்கு 24 மணி நேரம்தான் என்பதை ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையும் சொல்லும்! பிள்ளைகள் போன பிறகு முதிய பெண்கள் அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்றினார்கள். பழுதானால் ஊரார் தொடமுடியாது. திட்டம் இலக்கை எட்டாமலேயே ஓய்ந்தது. கொடுப்பவரின் மகிழ்ச்சிக்காக வடிவமைத்த பொருளின் கதி அது.

இனி இரண்டாவது வினாவுக்கு வருகிறேன். இது முதலாவதைவிடக் கொடியது. பம்பு நன்றாக வேலை செய்கிறது, நீர் பளிங்கு போல் இருக்கிறது, ஆனால் அந்த நீரே நஞ்சு என்றால்?

வங்காளதேசத்தில் அதுதான் நடந்தது. குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் மடிவதைத் தடுக்க, 1970களிலிருந்து இலட்சக்கணக்கான குழாய்க்கிணறுகளைத் தோண்டிக் கைப்பம்பு பொருத்தினார்கள். நோக்கம் தூயது. 1993இல் அந்த நீரில் ஆர்சனிக் இருப்பது தெரியவந்தது. ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் தோலில் புள்ளிகளும் தடிப்புகளும் தோன்றும்; புற்றுநோய் வரை கொண்டுபோகும். பின்னர் ஏறக்குறைய 50 இலட்சம் கிணறுகளைச் சோதித்து, பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் ஆகாதவற்றுக்குச் சிவப்பும் பூசினார்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்பது அவர்களின் எல்லை; உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லையோ 10.

வங்காளதேசம் எங்கே, கம்போடியா எங்கே என்று கேட்கிறீர்களா? மேக்கோங் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் நிலத்திலும் அதே சிக்கல்தான். கண்டால் மாநிலம் உள்ளிட்ட பகுதிகளில் ஆழம் குறைந்த குழாய்க்கிணறுகளில் ஆர்சனிக் மிகுந்திருப்பது 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்தே பதிவாகி வருகிறது. அந்த நாட்டின் கிணறுகள் எல்லாமே நச்சு என்று நான் சொல்லவில்லை. ஒரு கிணறு நல்லதாகவும் சற்றுத் தள்ளியிருக்கும் அடுத்த கிணறு கெட்டதாகவும் இருக்கலாம். அதனால்தான் ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே சோதிக்கவேண்டும் என்கிறேன். சோதிக்காத கிணற்றின் பக்கத்தில் உங்கள் தந்தையாரின் பெயரைப் பொறிக்க உங்களுக்கு மனம் வருமா?

1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, பிராட் தெருவிலிருந்த ஒரு கைப்பம்பின் மீது ஐயம் கொண்டார். அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பம்பைத் திறந்துவைத்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். மருத்துவ வரலாற்றில் நிலைத்திருப்பவர் கைப்பிடியைக் கழற்ற வைத்தவர்.

இதையெல்லாம் சொன்னால் ஒரு மறுப்பு வருகிறது. ‘பிள்ளைகளின் நெஞ்சில் ஈரம் வளரவேண்டாமா? உண்டியலில் காசு போடும்போது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா?’ பார்த்திருக்கிறேன், நாள்தோறும் பார்க்கிறேன். அதனால்தான் சொல்கிறேன். ஈரமுள்ள நெஞ்சுக்குக் கண்ணும் வேண்டும். காசு போட்டால் கடமை முடிந்தது, படம் வந்தால் புண்ணியம் வந்தது என்று நாம் கற்பித்தால், இருபது ஆண்டுகள் கழித்து அதே பிள்ளை வளர்ந்து, நம் தமிழ்ப்பள்ளிக்கே அந்த முறையில்தான் கொடை தருவான். இப்போது நமக்கு வருவதும் அப்படித்தானே? முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் கொடையாகக் கிடைத்த நீர் வடிகட்டி ஒன்று இருந்தது. கொடுத்தவர் பெயர் பெரிய எழுத்தில். வடிகட்டும் குழலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது சிறிய எழுத்தில். மாற்றுக்குழலுக்குப் பணம் எவருடைய கணக்கிலும் இல்லை. இரண்டே ஆண்டில் அது நூல்நிலையத்தின் மூலையில் பூச்சாடி வைக்கும் மேடையாக ஆனது.

அப்படியானால் கொடுக்கவே கூடாதா? கொடுங்கள். புதிய கிணற்றுக்குப் பதிலாக, ஏற்கெனவே இருக்கும் பத்துப் பம்புகளுக்கு வாசரும் வால்வும் வாங்கிக் கொடுங்கள். ஊரில் இரண்டு பெண்களுக்குப் பழுதுபார்க்கும் பயிற்சி கொடுக்கும் அமைப்பைத் தேடிக் கொடுங்கள். அப்படிப்பட்டவை இல்லாமல் இல்லை. இராசத்தானின் திலோனியாவில் 1970களின் இறுதியிலேயே ஊர்க்காரர்களைக் கைப்பம்பு மெக்கானிக்குகளாகப் பயிற்றுவித்தார்கள். உத்தரப்பிரதேசத்தின் பாண்டா மாவட்டத்தில் 1990களில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் திருகுச்சாவியைக் கையிலெடுத்துப் பம்பு மெக்கானிக்குகள் ஆனார்கள். அங்கே பெயர்ப்பலகை வைக்க இடமில்லை; வாசரின் மீது பெயர் பொறிக்க முடியாது. ஒருவேளை அதனால்தான் நம்மவர்களுக்கு அது பிடிக்கவில்லையோ என்னவோ!

‘நமக்கு ஏன் இந்தக் கைப்பம்புக் கதை? காஹாங்கில் எல்லார் வீட்டிலும் குழாய்நீர் வருகிறதே’ என்பவர்களுக்கு ஒன்று. 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் அடுத்தடுத்து இருமுறை ஜோகூரை வெள்ளம் விழுங்கியதை மறந்துவிட்டீர்களா? 2023 மார்ச்சில் குளுவாங் வட்டாரத்திலிருந்து மக்கள் துயர்துடைப்பு மையங்களுக்குப் போனதை? சுற்றிலும் நீர், குடிக்க நீரில்லை என்னும் நிலையில் புட்டிநீர் ஏற்றிவரும் லாரிக்குக் காத்திருந்தவர்கள் நம்மிடையே உண்டு. வெள்ளம் மூடிய கிணற்றின் நீரை அப்படியே குடிக்கக் கூடாது. இறைத்து ஊற்றிவிட்டு, குளோரின் இட்டு, சோதித்த பிறகே பயன்படுத்தவேண்டும். கழிவறைக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும்; 30 மீட்டர் இருந்தால் நல்லது. கிணற்றைச் சுற்றிச் சிமெண்டுத் தளமும், சிந்தும் நீர் ஓட வாய்க்காலும் வேண்டும். வறண்டுபோன உறிஞ்சு பம்பை உயிர்ப்பிக்க மேலிருந்து நீர் ஊற்றுவார்களே, அந்த நீர் அழுக்காக இருந்தால் கிணறு நன்றாக இருந்தும் பயனில்லை. இவை கம்போடியாவுக்கு மட்டும் உரிய செய்திகளா? செம்பனைக் காட்டுக்குள் இன்றும் கிணறு வைத்திருக்கும் வீடுகளிலிருந்து நம் பள்ளிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். உண்டியல் வைக்க வரும் அமைப்பு, பொருத்திய பம்புகளில் மூன்றாண்டு கழித்து எத்தனை ஓடுகின்றன என்னும் கணக்கையும், ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆர்சனிக் சோதனைத் தாளையும், ஊரில் பழுதுபார்ப்பவர் உண்டா என்பதையும் காட்டவேண்டும். காட்டினால் முதல் ஐம்பது வெள்ளி என்னுடையது. காட்டாவிட்டால் வாயிலோடு திரும்பிப் போகட்டும். எதிர்ப்பவர்கள் கூட்டத்துக்கு வந்து எதிர்க்கவேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன், வாட்ஸாப்பில் வேண்டாம்.

அதற்கு முன்பாக, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பிவிசி குழாயில் ஒரு கைப்பம்பு செய்யப் போகிறோம். இரண்டு அங்குலக் குழாய் ஒன்று, உந்துகோலுக்கு அரை அங்குலக் குழாய் ஒன்று, தட்டுக்குத் தடித்த நெகிழிப் பலகைத் துண்டு, நீர் எடுக்க ஒரு பெரிய வாளி. ஹார்ட்வேர் கடையில் எல்லாம் கிடைக்கிறது. செய்து முடித்ததும் வாசரை வேண்டுமென்றே கிழித்து வைப்பேன். நீர் ஏன் வரவில்லை என்று பிள்ளைகளே கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டும். வால்வுக்கும் வாசருக்கும் மிதிவண்டியின் பழைய உள்குழாய்தான் ஏற்றது. வீட்டில் கிழிந்தது ஏதேனும் இருந்தால் எறிந்துவிடாமல், கழுவி, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். ஓட்டை இருந்தாலும் குற்றமில்லை.